ஆறாவது ஸ்க்ரூ

நாக்கு மறுபடியும் அங்கேதான் போகிறது. போகாதே என்றால் கேட்பதில்லை. இந்த உடம்பில் என் பேச்சைக் கேட்க மிச்சமிருந்தது இடது கையும் நாக்கும்தான். கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள், நாக்கு தறுதலையாகத் திரிகிறது. வலது கோடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, இதோ ஆறு. ஆறாவது ஸ்க்ரூ. கீழ்த்தாடையின் இடது கோடி, உள்பக்கம். நாக்கு நுனி பட்டதும் விண்ணென்று காதுக்கு ஏறிக் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அந்த உப்புச் சுவை. சீழ். இருபது நாளாகச் சீழைக் கஞ்சியோடு விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நான், சென்னியப்பன், ரிட்டயர்டு மோட்டார் வாகன ஆய்வாளர். பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் நாமக்கல்லில் லாரிக்காரன் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நிற்பான், அந்தச் சென்னியப்பன்தான். சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். குழந்தைவேல் ராகிக் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வருகிறான். என்னைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து வந்திருக்கும் ஆள், நாற்பத்தைந்து வயது, நல்ல பலசாலி, என்னைக் கண்டால் பயம். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு நீளக் கரண்டியால் ஊட்டுகிறான். "ஐயா, ஆ காட்டுங்க. சித்தெ பெருசா. ஆங்." கஞ்சி சூடாக ஆறாவது மேல் ஓடுகிறது. அட கெரகமே. பாதியில் தொண்டை மறுத்துவிட்டது. மிச்சத்தை அவன் வாஷ்பேசினில் கொட்டும் சத்தம் கேட்கிறது. குடித்தாரா என்று மருமகள் சசிரேகா சமையலறையிலிருந்து கேட்கிறாள், குடிச்சாருங்க என்கிறான். பாதி என்று சொல்லடா. சொல்ல மாட்டான்.

நான் சொல்லலாம். என்னிடம் ஒரு சொல் இருக்கிறதே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் ஒரு குழாய் அடைத்து வலது பக்கம் முழுக்க விழுந்தது. பேச்சும் விழுந்தது. எல்லாச் சொல்லும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. சரி. தண்ணீர் வேண்டுமா, சரி. வேண்டாமா, சரி. உங்கள் பெயர் என்ன, சரி. உள்ளே எல்லாம் முழுசு முழுசாகத்தான் இருக்கிறது, பழைய வண்டி நம்பர்கள்கூட, வாய்க்கு வரும்போது எல்லாம் சரியாகிவிடுகிறது. தலையை ஆட்டிப் பார்த்தேன், ஆமாவுக்கு ஆடுகிறதா இல்லைக்கு ஆடுகிறதா என்று எனக்கே பிடிபடாமல் ஆடுகிறது. டாக்டர் என் மகன் மோகனிடம் தெளிவாகச் சொன்னார்: "அவர் சரின்னு சொல்றதை நம்பாதீங்க, மூஞ்சியைப் பாருங்க." ஒரு வாரம் பார்த்தார்கள். என் மூஞ்சியில் பாதி செத்துப்போனது, மீதிப் பாதி எப்போதுமே கடுகடு என்றுதான் இருந்திருக்கிறது, அதில் என்ன தெரியும், பாவம் என் மகனுக்கு. அப்புறம் அவர்களுக்கும் சரி என்ற சொல் தோதாகப் போய்விட்டது. ஃபேனை நிறுத்தட்டுமா மாமா, சரி. நாங்கள் ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வரட்டுமா, சரி. இருபத்தெட்டு வருஷம் சர்வீஸில் நான் அதிகம் சொன்ன சொல், ஆகாது. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வந்து வரிசையில் நிற்கும் லாரி, பளபளவென்று புதுப் பெயின்ட், நெற்றியில் எலுமிச்சம்பழம், பம்பரில் சந்தனம். புரோக்கர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து ஆகாது என்பேன். ஆகாது சென்னியப்பன் என்றுதான் முதுகுக்குப் பின்னால் பெயர். அந்தச் சொல் உள்ளேதான் இருக்கிறது, தொண்டைக்குக் கீழே, எடுக்கத்தான் முடியவில்லை. சரி என்பது யாருடைய சொல் தெரியுமா. பழனியம்மாளுடைய சொல். நாற்பத்திரண்டு வருஷம் என் பெண்டாட்டி எதற்கும் சொன்னது அது ஒன்றுதான், சரிங்க. எனக்கு மிஞ்சியது அவள் சொல்.

அவளைப் பற்றி நினைக்க வேண்டாம். வலி ஏறுகிறது. ஸ்க்ரூவைப் பற்றி நினைக்கலாம். பத்து வருஷம் ஆகிறது. கீழ்ப்பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்து, சேலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செட் கட்டிக்கொள்ளலாம், கழற்றி மாட்டுகிற மாதிரி என்றார்கள். ஆகாது என்றேன். கழற்றி மாட்டுகிற எதுவும் ஒரு நாள் கழன்றுகொள்ளும். அப்போது அந்தச் சின்ன டாக்டர் தாடை எலும்பில் ஆறு டைட்டானியம் ஸ்க்ரூ இறக்கி, அதன் மேல் பன்னிரண்டு பல்லை ஒரே சட்டமாகப் பொருத்துவதைப் படம் போட்டுக் காட்டினான். சேசிஸ் மேல் பாடி கட்டுவது. எனக்குப் புரியாதா. மூன்று மாதம் கழித்து எலும்பு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டதா என்று எப்படிப் பார்த்தான் தெரியுமா, ஒரு கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தட்டினான். டங். டங். டங். நான் லாரியின் ஸ்பிரிங் பட்டையைச் சுத்தியால் தட்டுகிற அதே தட்டு. விரிசல் இல்லாத பட்டை டங்கென்று பேசும், விரிசல் விழுந்தது டொக்கென்று சாகும். இவன் நம்ம ஆள் என்று அன்றைக்கே பிடித்துப்போனது. "உங்க உசுரு இருக்கற வரைக்கும் இது இருக்குமுங்க சார்," என்றான். "ஆனா அடியில சுத்தம் பண்ணோணும். தினமும். பல்லு சொத்தையாகாது, ஈறு கெட்டுப்போகும். ஈறு கெட்டா எலும்பு கரையும்." பண்ணினேன். எட்டு வருஷம் ஒரு நாள் தவறாமல், சட்டத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அந்தச் சின்னக் குச்சி பிரஷ்ஷை விட்டு, ஒன்றிலிருந்து ஆறுவரை இருபது நிமிஷம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சேலம். முறுக்கு கடித்தேன், கரும்பு கடித்தேன், நாட்டுக்கோழி எலும்பை மென்று துப்பினேன். அது பொய்யில்லை. அந்த எட்டு வருஷம் ராஜபோகம். வாயில் பல் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் தின்றேன், அதைவிட என்ன வேண்டும் மனுஷனுக்கு.

பழனியம்மாள் பாத்ரூமுக்கு வெளியே நின்றிருப்பாள். இருபது நிமிஷம். கையில் அந்த எவர்சில்வர் டம்ளர், டம்ளரில் அவளுடைய செட். போகாதே என்றால் நாக்கு கேட்காதது போலத்தான் இந்த நினைப்பும். அவளுக்கும்தான் பல் போனது, எனக்கு முந்தியே. அவளுக்கு நான் கட்டிக்கொடுத்தது கழற்றி மாட்டுகிற செட். இரண்டு பேரும் சேர்ந்தே ஸ்க்ரூ போட்டுக்கொள்ளலாம் என்று சேலத்து டாக்டர் சொன்னான், நான் அவளைப் பார்த்தேன், என் பார்வை என்ன சொன்னதோ, "எனக்கெதுக்குங்க, நீங்க போட்டுக்குங்க," என்றாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு தரம் கூட. சாப்பிடும்போது அந்த செட் டக் டக்கென்று சத்தம் போடும். சத்தம் போடாமல் தின்னத் தெரியாதா உனக்கு என்பேன். அதற்கப்புறம் நான் எழுந்து போன பிறகுதான் சாப்பிட உட்காருவாள். ஒரு நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "ஈறுல புண்ணாயிருக்குதுங்க. செட்டு ஒரசுது. சித்தெ டார்ச் அடிச்சுப் பாருங்களேன்." லாரிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறவன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் உப்புத் தண்ணியில் கொப்பளி என்றேன். சரிங்க என்று போனாள். வாயைத் திறந்தே வந்திருந்தாள். மூடிக்கொண்டு போனாள். ஆறு வருஷமாகிறது அவள் செத்து, நெஞ்சு வலியில்தான் செத்தாள், பல்லால் இல்லை, அதனால் என் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது எதற்கு அந்தத் திறந்த வாய்.

பதினொன்று அடிக்கப் போகிறது. குழந்தைவேல் என் காலைத் தூக்கித் தேங்காயெண்ணெய் தடவுகிறான். கால் மட்டும் என்றால் நன்றாகவே செய்வான். வாய்ப் பக்கம் வரமாட்டான். அதற்குக் காரணம் அவன் வந்த முதல் நாள். எனக்கு முன்னால் அவன் பார்த்த இரண்டு கிழவர்களுக்கும் செட் பல். காலையில் எழுந்ததும் முதல் வேலை செட்டைக் கழற்றிக் கழுவிக் கிண்ணத்தில் போடுவது, அதுதான் அவன் படித்த பாடம். என் வாயைத் திறந்தான், வரிசையாய்ப் பல்லைப் பார்த்தான், இந்த வயதில் இப்படிப் பல் இருந்தால் செட்டாகத்தான் இருக்கும் என்று இரண்டு கட்டைவிரலையும் அடியில் கொடுத்து நெம்பினான். வரவில்லை. "ஒட்டிக்கிச்சாட்டம் இருக்குது," என்று இன்னும் பலமாக நெம்பினான். தாடை எலும்போடு பிடித்துக்கொண்ட ஸ்க்ரூ, அவன் தொங்கினாலும் வருமா. என்னையே கட்டிலிலிருந்து அரை அடி தூக்கிவிட்டான். இது கழற்றுகிற பல் இல்லையடா மடையா என்று நான் கத்தியது சரி சரி சரி என்று வந்தது. சரி என்கிறாரே என்று மறுபடி நெம்பினான். கடித்தேன். வேறு என்ன செய்வது. விரலில் நான்கு தையல். அன்று சாயங்காலம் என் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரி சேர்ந்தது, பெரியவர் கடிப்பார். அதிலிருந்து என் வாய்க்குள் ஒரு விரல் வந்ததில்லை, ஒரு பிரஷ் வந்ததில்லை. மோகன் கேட்டான், பல்லு விளக்க வேண்டாமா என்று. சசிரேகாதான் சொன்னாள்: "அது இரும்பு ஸ்க்ரூங்க. சொத்தையா புடிக்கப்போகுது. வாயைக் கொப்பளிச்சு விட்டாப் போதும்." இரும்பில்லை, டைட்டானியம். பிடிக்காது, பல்லைப் பிடிக்காது. ஈறு? டாக்டர் சொன்னானே, அடியில் சுத்தம் பண்ண வேண்டும் என்று. அவன் சொன்னது என்னிடம். நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்ல முடியாமல் போவேன் என்று யார் நினைத்தது.

ஒன்றரை வருஷம் கஞ்சியும் குழைந்த சாதமும் சட்டத்துக்கு அடியில் போய்த் தங்கித் தங்கி, ஈறு முதலில் அரித்தது, பிறகு ரத்தம், பிறகு இருபது நாளாக இந்தச் சீழ். இடது கையால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இங்கே. இங்கே பார். "கன்னத்தைப் பிறாண்டிக்கிறாருங்க," என்று குழந்தைவேல் ரிப்போர்ட் கொடுத்தான். நகத்தை வெட்டினார்கள். மறுபடி காட்டினேன், கொஞ்சம் ரத்தம் வந்தது, உண்மைதான். என் பழைய வேட்டியைக் கிழித்து, மெத்தென்று மடித்து, வலிக்காமல், ரொம்பப் பாசமாகக் கையைக் கட்டிலில் கட்டினான் என் மகன். கட்டும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலித்தது அவனுக்கும். அவன் நல்லவன்தான், அதுதான் எரிகிறது. கோழித் தீவனக் கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வந்து என்னைப் புரட்டிப் போட்டுப் புரட்டிப் போட்டு அவன் தோள்பட்டை இறங்கிக் கிடக்கிறது. கெட்டவனாக இருந்தால் திட்டலாம். சசிரேகாவும் குறையில்லை, சொந்தக்காரர் வருகிறார் என்றால் ஈரத்துணியைச் சுண்டுவிரலில் சுற்றி முன்பல்லை மட்டும் துடைத்துவிடுவாள். "மாமா, சிரிங்க, பெரியம்மா பார்க்கட்டும்." எல்லாரும் குனிந்து பார்த்து, எழுபத்தாறு வயதில் என்ன பல்லு பாருங்க என்பார்கள். எஃப்.சி.க்கு முந்தின நாள் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை, எனக்குத் தெரியாததா. போன ஞாயிற்றுக்கிழமை இடது கன்னம் வீங்க ஆரம்பித்தது. அப்பாடா, இனிமேல் கண்ணுக்குத் தெரியும் என்று இருந்தேன். சசிரேகா காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். "ஏனுங், மாமாவுக்குக் கன்னம் பூசினாப்பல இருக்குது. சத்துமாவு ஒடம்புல ஒட்டுதுங்க."

போன் அடிக்கிறது. சசிரேகா ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டு என் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் கீரை ஆய உட்காருகிறாள். ஒரு பெண் குரல், மெழுகியது மாதிரி. சேலத்திலிருந்து. பல் ஆஸ்பத்திரியிலிருந்து. எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. "சென்னியப்பன் சாருக்கு இம்ப்ளான்ட் போட்டுப் பத்து வருஷம் முடியுதுங்க மேடம். பேஷன்ட்டோட வாழ்க்கைத் தரம் எப்படியிருக்குன்னு ஒரு சின்ன சர்வே. அஞ்சே நிமிஷம்." சசிரேகா பக்கவாதத்தைச் சொன்னாள். அந்தப் பெண் அடடா என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டாள், "பரவாயில்லீங்க, பல்லைப் பத்தி மட்டும் வீட்டுல இருக்கறவங்களே சொல்லலாம்," என்றாள். கடினமான பண்டம் மெல்லுவதில் சிரமம் உண்டா? "மெல்லறதே இல்லீங்களே, கஞ்சிதான்." அப்போ சிரமம் இல்லைன்னு போட்டுக்கறேன். பேசும்போது பல் இடைஞ்சலாக இருக்கிறதா? "பேசறதில்லீங்க." இல்லை. வெளியிடங்களில் சிரிக்கத் தயங்குகிறாரா? "வெளிய எங்கீங்க போறாரு." தயக்கம் இல்லை. உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாக, கட்டில் குலுங்கவில்லை அவ்வளவுதான். சாக்கில் படுக்காமல், டார்ச் அடிக்காமல், வண்டி எங்கே நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல், புரோக்கர் வாய்ச்சொல்லில் எஃப்.சி. போடுகிற ஆபீஸ்களை நானும் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஆறு மாதச் செக்கப்புக்கு வந்தது எப்போது என்றாள். ரெண்டு வருஷம் இருக்குமுங்க, கூட்டிட்டு வர முடியலை. "வாயைத் தினமும் க்ளீன் பண்ணி விடறீங்களா மேடம்?" கீரை ஆய்கிற கை நின்றது. நின்றதை நான் பார்த்தேன். சொல்லு சசி. இல்லை என்று சொல்லு கண்ணு. அந்தப் பெண் அடுத்த வார்த்தை சொல்வாள், யாராவது வந்து பார்ப்பார்கள். "பண்ணறமுங்க," என்றாள் சசிரேகா. ஈரத்துணி ஞாபகத்தில் சொன்னாளோ, வெட்கத்தில் சொன்னாளோ. கீரை மறுபடி ஆய ஆரம்பித்தது. வலி, வீக்கம் ஏதாவது? "இருந்தா மூஞ்சியில தெரியாதுங்களா. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

கடைசியாக ஒன்று, என்றது குரல், சார் ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போதும், எங்க ரெக்கார்டுக்கு. சசிரேகா போனை எடுத்து என் வாயருகே பிடித்தாள். கையில் கீரை வாசம். "மாமா, உங்க பல்லாஸ்பத்திரிங்க. பேசுங்க." என் ஜன்மத்தில் எனக்கு ஒரு போன் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அந்தப் பக்கம் அந்தப் பெண் சத்தமாக, குழந்தையிடம் பேசுவது மாதிரி, "சார், பல்லு எப்படி இருக்குதுங்க? வலி ஏதாவது இருக்குதுங்களா?" வலிக்கிறது. ஐந்து எழுத்தோ ஆறு எழுத்தோ, வ, அதை மட்டும் பிடித்தால் போதும், உதட்டைக் கடித்து வ, வ என்று ஆரம்பித்துவிட்டால் மிச்சம் தானாக வரும். உதட்டைக் குவித்தேன். உள்ளே வலிக்கிறது வலிக்கிறது வலிக்கிறது என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். நெற்றி வியர்த்தது. "சரி," என்றேன். "சரி. சரி." அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரித்தாள். "ரொம்ப நன்றிங்க சார். பத்துக்குப் பத்து."

போன் போய்விட்டது. கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது, அதுவும் இந்த வியாதியின் புண்ணியம். சசிரேகா முந்தானையால் துடைத்துவிட்டாள். பழைய ஆளுங்க கூப்பிட்டதும் மாமாவுக்கு அழுகை வந்துருச்சு என்று குழந்தைவேலிடம் சொன்னாள். பன்னிரண்டு. பன்னிரண்டரை. ஜன்னலுக்கு வெளியே பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டுகிறான். அவன் ஒவ்வொரு தட்டும் இங்கே வந்து விழுகிறது. இப்போது யாராவது வந்து என் ஆறாவதைத் தட்டிப் பார்த்தால் டொக்கென்றுதான் கேட்கும். யோசி. கை இல்லை, வாய்ச்சொல் இல்லை, மூஞ்சி இல்லை. ஒரு வண்டியின் அடியை எப்போது குனிந்து பார்க்கிறார்கள்? ஓடுகிற வரைக்கும் எவனும் பார்க்கமாட்டான். நின்றுவிட்டால் பார்ப்பான். நான் நின்றுவிட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. கரண்டி வந்து முட்டினாலும் திறக்கக் கூடாது. ஏன் திறக்கமாட்டேன் என்கிறார் என்று ஒருவனுக்காவது கேள்வி வரும், உதட்டை விலக்கி உள்ளே பார்ப்பான், பார்த்தால் தெரிந்துவிடும், குருடனுக்கும் மூக்கு இருக்கிறதே. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. போன வாரம் வந்த டாக்டர், மோகனிடம் வாசல்படியில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. சாப்பாடு குறைந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டுவிடலாம், ஊட்டுகிற தொல்லையில்லை. டியூப் போட்டுவிட்டால் அப்புறம் இந்த வாயை யார் திறப்பார்கள். கஞ்சிக்காகவாவது ஒரு நாளைக்கு நான்கு தரம் திறக்கிறது. அது மூடினால் மூடினதுதான், உள்ளே ஆறாவதும் நானும் மட்டும் இருப்போம், அப்புறம் ஐந்தாவது, நான்காவது. பயமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று இந்த வயதில்தான் நினைக்க வருகிறது.

மோகன் ஒரு மணிக்கு வந்தான். சட்டையில் தீவன வாசம். மதியச் சாப்பாடு மட்டும் அவன்தான் ஊட்டுவான், யார் சொல்லியும் விடமாட்டான். பருப்பும் சாதமும் குழைத்து, நெய் விட்டு, சூடு தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "வாயைத் தொறங்கப்பா," என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடித்ததும் ஆறாவது உயிர் போகிற மாதிரி குத்தியது, விடவில்லை. கரண்டி பல்லில் முட்டியது. "அப்பா. ரெண்டே வாயிங்கப்பா." முட்டியது. நம்ம பல்லு, உயிர் இருக்கிற வரைக்கும் இருக்கும் என்று டாக்டரே சொன்னது, உன் கரண்டிக்கா அசையும். "காலைலயும் பாதிதானுங்க குடிச்சாரு," என்று குழந்தைவேல் இப்போது சொல்கிறான். மோகன் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு, கடவுளே, அவன் போனை எடுத்து அந்த லைட்டைப் போட்டான். குனிந்தான். என் கீழுதட்டைக் கட்டைவிரலால் இறக்கினான். கடிப்பேன் என்று தெரிந்தும் இறக்கினான். என் மகன். வெளிச்சம் முன்பல்லில் விழுந்தது. "பல்லெல்லாம் நல்லாத்தானே இருக்குது," என்றான். இன்னும் குனிந்தான், மூக்கு சுருங்கியது. "ஏன் சசி, இப்படி நாத்தமடிக்குது?" வந்துவிட்டான். ஒரு ஜாண்தான். இடது பக்கம் திருப்புடா லைட்டை. "படுத்தே கெடக்கறாரில்லீங்க, வயித்துல இருந்து வரும்," என்றாள் சசிரேகா. அவன் யோசித்தான். நான் இனிமேல் பொறுக்க முடியாமல், பார்க்கட்டும் என்று, வாயை அகலத் திறந்தேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு. முழு வாயும். அன்றைக்குப் பழனியம்மாள் திறந்துகொண்டு வந்து நின்றாளே, அந்த மாதிரி.

"தொறந்துட்டாரு, தொறந்துட்டாரு, குடுங்க," என்றாள் சசிரேகா. லைட்டு அணைந்தது. கரண்டி உள்ளே வந்தது, அவசரத்தில் இடது பக்கமாக வந்தது, அதன் விளிம்பு ஆறாவதின் அடியில் போய் இடித்தது. எனக்குக் கண் இருண்டுவிட்டது. சாதம் தொண்டையில் ஏறி, இருமி, மூக்கில் வந்து, அவன் சட்டையெல்லாம் தெறித்து, குழந்தைவேல் என்னைப் பக்கவாட்டில் புரட்டி முதுகில் தட்டி, ஒரு கால் மணி நேரம் வீடே கலவரமாகிப்போனது. எல்லாம் அடங்கியதும் மோகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் நெஞ்சில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டான். பிறகு கைக்கட்டை அவிழ்த்து, என் இடது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டான். அவிழ்த்துவிட்டான், இப்போது காட்டலாம், கன்னத்தைக் காட்டலாம், ஆனால் அவ்வளவு இறுகப் பிடித்திருந்தான். சின்ன வயசில் சந்தையில் என் விரலை அப்படித்தான் பிடிப்பான். "என்னால முடியலீங்கப்பா," என்றான். "நீங்க இப்படிப் பொறையேறித் திணர்றதைப் பார்க்க முடியலை. டாக்டர் சொன்னாப்பல மூக்குல டியூப் போட்டுக்கலாமுங்களா? உங்களுக்கும் தொந்தரவில்லை. நீங்க சொன்னாத்தானுங்க போடுவேன்." நம்பாதே என்று டாக்டர் சொன்னது அவனுக்கும் ஞாபகம் இருந்தது, அவன் கண்ணில் அது தெரிந்தது, ஆனாலும் கேட்டான், ஏனென்றால் அவனுக்கு யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. நான் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு இறங்கினேன். புரோக்கர்கள் நடுங்கிய சொல். எத்தனையோ முதலாளிகளின் முகத்துக்கு நேரே சொன்ன சொல். ஆ. ஆ என்று வாய் திறந்தாயிற்று, மோகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான், ஆ, இதோ வருகிறது, பழனியம்மா, இந்த ஒரு தரம் உன் சொல்லை எடுத்துக்கொண்டு போ, இந்த ஒரு தரம்.

"சரி," என்றேன்.

மோகன் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அழுதான். பிறகு எழுந்து போய் ஜன்னலோரம் நின்று டாக்டருக்குப் போன் போட்டான். "ஆமாங்க டாக்டர், சாயங்காலமே வந்துருங்க. கேட்டேனுங்க. அப்பாவே சரின்னுட்டாருங்க." குழந்தைவேல் ஈரத்துணியால் என் உதட்டைத் துடைத்து, வாயை மெதுவாக மூடிவிட்டான்.